எதைப் பிடிச்சுக்கணும், எதை விடணும்?

கேள்வி: அக்கா, எனக்குத் தங்கச்சிமடம். ராமநாதபுரத்தில் பி.பி.ஏ. மூன்றாம் வருஷம் படிக்கிறேன். தொழில்முனைவுப் பாடத்துக்காக ஆளுக்கு ஒரு தொழில் நடத்திக் காட்டணும். நான் நெத்திலிக் கருவாட்டைக் கால் கிலோ பாக்கெட்டாகப் போட்டு விற்கிறேன். முதல் மாதம் 60 பாக்கெட் போனது, அடுத்த மாதம் 18தான். கல்லூரியில் மூன்று பேர் உட்கார்ந்து மதிப்பிட்டார்கள். ஒருவர் விலை அதிகம் என்றார், ஒருவர் பாக்கெட் சரியில்லை என்றார், இன்னொருவர் கருவாட்டை விட்டுவிட்டு மீன் ஊறுகாய் போடு என்றார். ஒரு பாடத்தில் விடாமுயற்சி வேணும் என்கிறார்கள், அடுத்த பாடத்தில் பிறர் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள் என்கிறார்கள். விடாமல் பிடித்தால் பிடிவாதக்காரி, கேட்டு மாற்றினால் உறுதி இல்லாதவள். நான் என்னதான் செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, அந்த மூன்று பேர் சொன்னதை விட நான் திரும்பத் திரும்பப் பார்த்தது 60, 18 என்று நீ எழுதியிருக்கிற இரண்டு எண்களைத்தான். முதல் மாதம் வாங்கியது சித்தி, பெரியம்மா, பக்கத்து வீடு, கூடப் படிக்கிற பிள்ளைகள் என்று உன் மேல் இருக்கிற பாசத்துக்கு வாங்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். இரண்டாவது மாதம் போன 18தான் கருவாட்டுக்காகப் போனது. முதல் தடவை வாங்கிவிட்டுத் திரும்ப வராதவர்கள் இருக்கிறார்களே, உனக்கு வேண்டிய பதில் அவர்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. போய்க் கேள். ஆனால் "பிடிச்சிருந்துச்சா?" என்று மட்டும் கேட்காதே. நம்ம ஊரில் முகத்துக்கு நேரே நல்லா இல்லை என்று சொல்ல மனசு வராது, "நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாக்கெட்டை என்ன செஞ்சீங்க, வறுத்தீங்களா குழம்பு வச்சீங்களா, எத்தனை தடவை அலசினீங்க, மிச்சம் இருந்தா எடுத்துக் காட்டுங்க என்று கேள். அப்போது உண்மை வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாயல்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி வாங்கி டீக்கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல சரக்கு, சீனி கலக்காதது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு கடைக்காரர், வயதானவர், "கருப்பட்டி கடிக்குதும்மா" என்றார். நான் சண்டைக்கே போய்விட்டேன், பனைமரத்தில் ஏறி இறங்குகிறவர்களின் உழைப்பு உங்களுக்குத் தெரியுமா என்று ஏதேதோ பேசினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரத்திலிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு கடைகள் நின்றன. ஒரு ராத்திரி வீட்டில் கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி ஒரு துண்டைப் போட்டு, கரையும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கறுத்தது, அப்புறம் மெல்லத் தெளிந்தது. அடியில் விரல் நகத்தின் கனத்துக்கு மணல்.

மறுநாள் பஸ் ஏறிப் போய் காய்ச்சுகிற அம்மாவிடம், இனிமேல் பதநீரை இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்து, காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றுவதைக் காட்டினார். சிரட்டை சாயாமல் இருக்க மணலில்தான் பதித்து வைப்பார்கள். காற்றடித்தால் அந்த மணலே பாகில் விழுகிறது, எடுத்துக் கவிழ்க்கும்போதும் ஒட்டுகிறது. துணியில் நூறு தடவை வடிகட்டினாலும் அது போகாது. கீழே பழைய ஓலைப்பாயை விரித்து, காற்றுப் படாத பக்கமாக வேலையை மாற்றியதும் கடிப்பது நின்றது. பிறகு அந்த மூன்று கடைகளுக்கும் டம்ளரோடு போனேன், இரண்டு கடைகள் திரும்ப வாங்கின.

இதில் எனக்கு விளங்கியது இதுதான். வாங்குகிறவருக்கு எங்கே கடிக்கிறது என்று தெரியும், அதைச் சரிசெய்யும் வழி தெரிய வேண்டியதில்லை. வழி தெரிந்தவர் செய்கிறவர். உனக்கு ஊறுகாய் போடச் சொன்ன ஐயா வழி சொல்கிறார். சரி, ஆனால் எங்கே கடிக்கிறது என்று அவர் சொல்லவே இல்லையே. அவர் உன் கருவாட்டைச் சமைத்துத் தின்றாரா என்று முதலில் பார். விலை அதிகம் என்றவரிடம், எதை விட அதிகம் என்று கேள். மூன்று நான்கு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு தேறும், அந்தக் கணக்கு உன் பாக்கெட்டில் எங்கேயும் தெரிவதில்லை. பாக்கெட் சரியில்லை என்றவர் ஒருவேளை முக்கியமானதைச் சொல்லியிருக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும், அது பாக்கெட்டின் குற்றமா சரியாகக் காயாத குற்றமா என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்புறம் கடற்கரை மணலில் காயவைக்கிறாயா, வலை கட்டிய உயரமான பந்தலில் காயவைக்கிறாயா? நீ எழுதவில்லை. மணல் என்றால் என் டம்ளரை ஞாபகம் வைத்துக்கொள்.

விடாமுயற்சிக்கு நம்ம ராமேஸ்வரம் தீவில் எல்லாரும் கலாம் ஐயாவைத்தான் சொல்வார்கள், நீயும் சின்ன வயசிலிருந்து கேட்டிருப்பாய். 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி அவர் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது, 1980 ஜூலை 18ஆம் தேதி அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. நடுவில் இருக்கிற பதினொரு மாதத்தை யாரும் பேசுவதில்லை. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் வால்வு கசிந்து அமிலம் வெளியேறியிருந்தது என்று உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தார்கள், அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மறுபடி ஏவினார்கள். விழுந்ததை அப்படியே திரும்ப ஏவியிருந்தால் திரும்பவும் விழுந்திருக்கும். அதனால் உன் இரண்டு பாடமும் ஒன்றோடொன்று மோதவில்லை தங்கச்சி. நம்ம கரை மீனை நல்ல விலைக்கு, நம்பி வாங்குகிற வீடுகளுக்குக் கொண்டுபோகணும் என்பதுதானே உன் ஆசை? அதைப் பிடித்துக்கொள். கால் கிலோ, பாக்கெட், காயவைக்கிற விதம், ஏன் நெத்திலியே கூட, எது வேண்டுமானாலும் மாறலாம்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். அந்த இரண்டு மாதம் என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்பாய் என்று இப்போதே எழுதி வை. உன்னை மதிப்பிட்டவர்கள் இதைக் கேட்காதது எனக்கு ஆச்சரியம்.

கேள்வி: அக்கா, மண்டபம் பக்கம் எங்கள் ஊர். அம்மாவோடு சேர்ந்து கடல்பாசி வளர்க்கிறேன், படிப்பும் போகிறது. மூன்று சுற்றும் நஷ்டம், மீன் மேய்ந்துவிட்டது. நான்காவது சுற்று போடலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, மூன்று சுற்றிலும் பாசி கட்டுகிற மிதவை அதே இடத்தில், அதே கட்டு, அடியில் வலை இல்லாமல்தான் போட்டாயா? அப்படியென்றால் நீ இதுவரை ஒரே தடவைதான் முயற்சி செய்திருக்கிறாய். நம்ம பக்கம் வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசிக்கு ஒரு சுற்று 45 நாள்தான், ஒரு வருஷம் முழுக்கக் காத்திருக்கிற தொழில் இல்லை, அது உனக்குச் சாதகம். போடு. ஆனால் போடும் முன்னாலேயே இந்தத் தடவை எதை மாற்றுகிறேன், எவ்வளவு தேறினால் தொடர்வேன், எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவேன் என்று நோட்டில் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டு. நஷ்டம் வந்த பிறகு யோசித்தால் மனசு எந்தப் பக்கமும் இழுக்கும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது, பாசி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையமும் இருக்கிறது, மேய்ந்த பாசியை ஒரு கொத்து கையில் எடுத்துக்கொண்டு போ. அதற்கும் முன்னால், முங்கிப் பாசி எடுத்துப் பழகிய பாட்டிமார் யாராவது உங்கள் ஊரில் இருப்பார்கள், எந்த மாதம் எந்தப் பக்கம் மீன் கூட்டமாக வரும் என்று அவர்களிடம் கேள்.

கேள்வி: யாராவது என் வேலையில் குறை சொன்னாலே கண் கலங்கிவிடுகிறது, பேச்சு வருவதில்லை. இதோடு தொழில் செய்ய முடியுமா? – கீழக்கரை மாணவி.

பதில்: முடியும். எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். பேச்சு வராவிட்டால் பேசாதே, நோட்டை எடுத்து அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுது. எழுதுகிற கைக்கு வேலை இருந்தால் கண் கொஞ்சம் அடங்கும். "யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடு, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காலையில் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படி. உன்னைப் பற்றிச் சொன்னது எது, நீ செய்த பொருளைப் பற்றிச் சொன்னது எது என்று பிரித்து, பொருளைப் பற்றிய வரிகளுக்கு மட்டும் கோடு போட்டுக்கொண்டு அவர்களிடம் திரும்பப் போ.