கேட் (CAD, கணினியில் வரையும்) வரைபடத்தில் மோட்டார் துளைகள் ஏன் பொருந்துவதில்லை?

ரோபோவுக்கு, மோட்டாரைத் திருகிப் பொருத்தும் தகடு வரைகிறோம். திரையில் சரியாகத் தெரிந்த துளைகள், முப்பரிமாண அச்சில் எடுத்த பிறகு மோட்டாரோடு சேரவில்லை. ஏன்?

மோட்டார் முகப்பில் திருகு போடும் துளைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைத் துளை அமைப்பு என்கிறோம். அதன் அளவை இரண்டு விதமாகத் தருவார்கள்: பக்கத்துப் பக்கத்துத் துளை மையங்களுக்கு இடையிலுள்ள தூரம், அல்லது எல்லா மையங்களின் வழியாகவும் போகும் வட்டத்தின் விட்டம். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். நீமா 17 என்ற நிலையான அளவுள்ள ஸ்டெப்பர் மோட்டாரில் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) அந்தத் தூரம் 31 மி.மீ.; விட்டமோ சுமார் 43.84 மி.மீ. வட்டக் கருவியில் 31 என்று கொடுத்தால் நாலு துளையும் உள்ளே நெருங்கிவிடும். ஒரே சதுர மேசையை ஒருவர் ஓரமாகவும் இன்னொருவர் மூலைக்கு மூலையும் அளப்பது போல.

இடைவெளி சரி, ஆனால் திருகு நுழையவில்லையா? எம்3 திருகுக்கு (3 மி.மீ. விட்டமுள்ள திருகு) 3 மி.மீ. துளை போதாது, 3.4 வையுங்கள். முப்பரிமாண அச்சில் துளைகள் வழக்கமாகக் கொஞ்சம் சுருங்கித்தான் வரும். அப்புறம், மோட்டாரின் நடுவில் 22 மி.மீ. வட்ட மேடு உண்டு. அதற்கும் இடம் விட வேண்டும்.

துளையைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மையம் தவறியிருந்தால் அதனால் பயனில்லை, மோட்டார் நகர்ந்து பல்சக்கரம் விலகத்தான் செய்யும்.