வெள்ளித் தீவும் கிரானைட் கீறலும்

அன்புள்ள ஐயா,

பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நானோ அளவில் செதுக்கிய வடிவங்கள் தாமாகவே மழுங்கிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பாலிஷ் போட்ட கல்லில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை வருஷமானாலும் அப்படியேதான் இருக்கிறது. உருக்காமல் திடப்பொருள் எப்படி வடிவம் மாறும்?

– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உருக வேண்டியதே இல்லை. உள்ளே இருக்கும் அணுவை நாலாபுறமும் மற்ற அணுக்கள் பிடித்திருக்கின்றன. மேட்டின் விளிம்பில் நிற்கும் அணுவுக்குப் பிடிமானம் குறைவு. வெப்ப அதிர்வில் அது கழன்று, பரப்பின் மேலேயே நகர்ந்து, பிடிமானம் அதிகமுள்ள பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். மேடு தேயும், பள்ளம் நிரம்பும்.

அப்புறம் ஏன் உங்கள் கீறல் மறையவில்லை? 1950களின் இறுதியில் முல்லின்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்குக் கணக்குப் போட்டார். அணுக்கள் இப்படிப் பரப்பின் மேல் நகர்ந்து சமனாகும்போது, ஆகும் நேரம் மேடுபள்ள அகலத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். அகலம் இரண்டு மடங்கானால் நேரம் 16 மடங்கு. ஒரே பொருள், ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொள்வோம். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 10 நானோமீட்டர் அகல நெளிவு 1 நொடியில் தணிந்தால், அதைப் போல 1,000 மடங்கான 10 மைக்ரோமீட்டர் அகல நெளிவுக்கு 31,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! இந்தக் கணக்கை எப்போது போட்டாலும் எனக்குப் பிரமிப்புதான்.

பொருளும் முக்கியம். வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனாலும் வழவழப்பான வெள்ளிப் பரப்பில் ஓரணு உயரமே உள்ள சின்னத் தீவுகள் அறை வெப்பநிலையிலேயே கரைய, பெரிய தீவுகள் அவற்றின் அணுக்களை வாங்கி வளர்கின்றன. 1981இல் உருவான, அணுக்களையே காட்டும் ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியால் (STM) இதைப் பார்க்க முடிகிறது. கிரானைட்டில் சிலிக்கானும் ஆக்சிஜனும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், நம்மூர் வெயிலுக்கெல்லாம் அந்த அணுக்கள் நகர்ந்துவிடாது.

நானோ என்றாலே எவ்வளவு சிறிதாகச் செய்தார்கள் என்றுதான் பேசுகிறோம். செய்த வடிவத்தை நிலைக்க வைப்பதும் அதே அளவு பெரிய வேலை என்பேன். ஓசூரிலிருந்து வரும் புது பைக்கின் புகைக்குழாயில், நச்சுப்புகையை மாற்ற பிளாட்டினம் வகை உலோகங்களின் நுண்துகள்கள் இருக்கின்றன. சூட்டில் அவை ஒன்றுசேர்ந்து பெருத்தால் புகை தொடும் பரப்பு குறைந்து, வேலைத்திறனும் குறையும். அதனால்தான் அவற்றை அலுமினா போன்ற சூடு தாங்கும் பரப்பில் தள்ளித்தள்ளிப் பதிக்கிறார்கள்.