டிமேட் செய்யாவிட்டால் என் பங்குகள் செல்லாதா?

வாசகர் கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷீட் மெட்டல் பாகங்கள் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறேன். செலுத்தப்பட்ட மூலதனம் 40 லட்சம், டர்னோவர் 11 கோடி. 45 சதவீதப் பங்கு என் பெயரில், மீதி 55 சதவீதம் 2019-லிருந்து மைத்துனரின் டிரேடிங் கம்பெனி பெயரில் இருக்கிறது. என் பங்கில் பாதியை மகளுக்கு மாற்ற வேண்டும். ஒரு கன்சல்டன்ட், "டிமேட் செய்யாததால் உங்கள் பங்குகளே செல்லாது, டைரக்டர் பதவியும் போய்விடும், ஒன்றரை லட்சம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்கிறார். நண்பரோ, "100 கோடி டர்னோவர் வரை சின்ன கம்பெனிதான், உனக்கு டிமேட்டே வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை ஐயா. முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிமேட் என்பது காகிதப் பங்கை மின்னணுக் கணக்குக்கு மாற்றுவது, அவ்வளவுதான். உங்கள் பங்குகள் செல்லும். காகிதச் சான்றிதழில் இருப்பதால் உரிமை எங்கும் போய்விடாது. டைரக்டர் பதவிக்கும் டிமேட்டுக்கும் சம்பந்தமில்லை, மூன்று வருடம் தொடர்ந்து கணக்கையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாமல் விடுவது போன்ற காரணங்களுக்குத்தான் அந்தத் தகுதிநீக்கம் வரும். ஆனால் டிமேட் செய்யாமல் மகள் பெயருக்கு ஒரு பங்கைக்கூட உங்களால் மாற்ற முடியாது.

2023 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த 9பி என்ற விதி, சின்ன கம்பெனி அல்லாத எல்லா பிரைவேட் கம்பெனிகளும் பங்குகளை டிமேட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. உங்கள் நண்பர் சொன்ன வரம்பும் உண்மைதான். 2025 டிசம்பர் 1 முதல் மூலதனம் 10 கோடி, டர்னோவர் 100 கோடி வரை சின்ன கம்பெனி. அதற்கு முன் 4 கோடி, 40 கோடி. எந்த வரம்பை வைத்துப் பார்த்தாலும் தொகையில் நீங்கள் சின்னவர்தான்.

சிக்கல் அந்த 55 சதவீதத்தில் இருக்கிறது. ஹோல்டிங் கம்பெனியும் (இன்னொரு கம்பெனியைக் கட்டுப்படுத்துவது) துணைக் கம்பெனியும் (கட்டுப்படுத்தப்படுவது) எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சின்ன கம்பெனி ஆகாது என்று அதே வரையறையின் கீழே எழுதியிருக்கிறது, இந்த வரம்பு பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியில் அந்த வரி இல்லை. ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் இன்னொரு கம்பெனியிடம் இருந்தால் உங்களுடையது துணைக் கம்பெனி. சரியாகப் பாதி என்றால் அதனால் மட்டும் ஆகாது, 'பாதிக்கு மேல்' என்பதுதான் சொல். ஆனால் பங்கு குறைவாக இருந்தும் டைரக்டர்களில் பெரும்பாலானோரை நியமிக்கும் அதிகாரம் அந்தக் கம்பெனியிடம் இருந்தால் அப்போதும் துணைக் கம்பெனிதான். மைத்துனர் தன் சொந்தப் பெயரில் 55 சதவீதம் வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை, ஏனென்றால் தனிமனிதர் ஹோல்டிங் கம்பெனி ஆக முடியாது. அவருடைய எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) பெயரில் இருந்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். எல்எல்பி-யும் சட்டப்படி தனி அமைப்பு என்பதால் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதே கணக்கு மறுபக்கமும் உண்டு: நாளைக்கு உங்கள் கம்பெனியே இன்னொரு சின்ன கம்பெனியில் பாதிக்கு மேல் வாங்கினால் அது ஹோல்டிங் கம்பெனி, அன்றிலிருந்து சின்ன கம்பெனிச் சலுகை இல்லை. குடும்பத்துக்குள் இரண்டு மூன்று கம்பெனி வைத்து ஒன்றின் பெயரில் மற்றொன்றை வாங்கிப் போடும் வழக்கம் நம் ஊரில் அதிகம். வருமான வரிக்கு வசதி என்று யாரோ சொல்லிச் செய்திருப்பார்கள், இந்தப் பக்கத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆக உங்களுக்கு விதி பொருந்தும். முதல் கெடு 2024 செப்டம்பர் 30. அது முடிந்து நாலு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, 2025 பிப்ரவரியில், 2025 ஜூன் 30 வரை நீட்டித்தார்கள்! கெடுவுக்குள் முடிக்க ஓடியவர்கள் செலவழித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், சும்மா இருந்தவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. தொழில் செய்கிறவனிடம் நாள் தவறாமை எதிர்பார்க்கிற துறை, தானும் அதைக் கடைப்பிடிக்க வேண்டாமா? சரி, அந்தக் கெடுவும் போய்விட்டது. இதற்கென்று தனி அபராதம் எழுதாததால் பொது அபராதம்தான்: 10,000 ரூபாய், அப்புறம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000, ஆனால் கம்பெனிக்கு 2 லட்சத்துக்கு மேலும் டைரக்டருக்கு 50,000-க்கு மேலும் போகாது. கன்சல்டன்ட் மிரட்டும் அளவுக்கு இல்லை, தள்ளிப் போடலாம் என்கிற அளவுக்கும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். கம்பெனியின் ஆர்டிகிள்ஸில் (உள்விதிகளில்) டிமேட்டுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சிறப்புத் தீர்மானம் போட்டுத் திருத்த வேண்டும். பிறகு செபியில் (பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) பதிவு பெற்ற ஆர்டிஏ (பங்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் நிறுவனம்) ஒன்றை நியமித்து, டிமேட் பங்குகளை வைத்திருக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மூலம் ஐஎஸ்ஐஎன் என்ற பங்கு அடையாள எண் வாங்க வேண்டும். சென்னையிலேயே ஆர்டிஏ-க்கள் இருக்கிறார்கள், பட்டியல் செபி இணையதளத்தில் உண்டு. கட்டணத்தை அவர்கள் பில்லுக்கே நேரடியாகக் கட்டுங்கள், அப்போது ஒன்றரை லட்சத்தில் எவ்வளவு நடுவில் நிற்பவருக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். நீங்களும் மகளும் ஆளுக்கொரு டிமேட் கணக்கு திறந்து, உங்கள் அசல் சான்றிதழைக் கொடுத்து டிமேட் ஆக்கி, அதன் பிறகு மாற்றலாம். உங்கள் பங்கை மாற்ற மைத்துனரின் கம்பெனி டிமேட் செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாகப் பங்கு வெளியிடுவதென்றால் புரமோட்டர்கள், டைரக்டர்கள் எல்லாருடைய பங்கும் டிமேட்டில் இருந்தாக வேண்டும்.

நம்மவர்களுக்கு அதிகம் நாள் இழுப்பது இனிஷியல்தான். சான்றிதழில் 'ஆர். குமார்', பான் கார்டில் 'குமார் ராமசாமி' என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம். விண்ணப்பிக்கும் முன்பே பான், வங்கிக் கணக்கு, சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சான்றிதழே அச்சடிக்காமல் ஆடிட்டர் கோப்பில் மட்டும் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளும் நிறைய, அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஐஎஸ்ஐஎன் வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஏஎஸ்-6 என்ற பங்கு விவரப் படிவத் தாக்கல் உண்டு. இத்தனை வருடம் சின்ன கம்பெனிக்கான எம்ஜிடி-7ஏ படிவத்தில் ஆண்டறிக்கை போட்டிருந்தால் அதுவும் தவறு, ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். "டிமேட் எதற்கு சார், 2023 தேதி போட்டு எஸ்ஹெச்-4-ல் (காகிதப் பங்கு மாற்றப் படிவம்) கையெழுத்து வாங்கிவிடலாம்" என்று யாராவது நிச்சயம் வருவார்கள். செய்யாதீர்கள். கையெழுத்திட்ட 60 நாளுக்குள் அந்தப் படிவம் கம்பெனியிடம் வந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு நீங்களே தாக்கல் செய்த ஆண்டறிக்கைகள் எல்லாம் பழைய பங்கு விவரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதாவது போலி என்பதற்கு ஆதாரம் அரசுத் தளத்திலேயே இருக்கிறது. சொத்துத் தகராறு வந்தால் முதலில் அடிபடுவது உங்கள் மகள்தான். பொய் ஆவணம் மோசடிக் குற்றமாகும், 2 லட்ச அபராதத்தோடு நிற்காது, சிறை வரை போகும்.

இன்னொன்று, உங்கள் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் இப்போது யாரிடம் இருக்கிறது? பாஸ்வேர்டோடு கன்சல்டன்ட் மேசை டிராயரில் என்றால் இன்றே போய் வாங்குங்கள். அந்தச் சின்ன யூஎஸ்பி-தான் சட்டத்தின் கண்ணில் உங்கள் கையெழுத்து. அதை வைத்து உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் படிவம் போடலாம், அது நீங்கள் போட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். தாக்கலின்போது நீங்கள் நேரில் உட்கார்ந்து, படிவத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். போர்ட்டல் பாதியில் நின்று மறுநாளும் வரச் சொல்வார்கள், அந்த அலுப்பில்தான் எல்லாரும் டோக்கனை விட்டுவிட்டு வருகிறார்கள். எத்தனை முறை நின்றாலும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். தர மறுத்தால் டிஎஸ்சி கொடுத்த நிறுவனத்திடம் சொல்லி அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். டிமேட் வேலையை அதற்குப் பிறகு தொடங்கினால் போதும்.