999,999,999,999-இன் பகாக் காரணிகள் என்னென்ன?

உயர்நிலை 1 மாணவர் இதைக் கால்குலேட்டரில் நேராகத் தட்டக்கூடாது. 10 இலக்கத் திரை அதை 1×10¹² என்று தோராயமாக்கிக் காட்டும். அது 2, 5 மட்டுமே பகாக் காரணிகளாக உள்ள வேறு எண்.

10¹² − 1 என எழுதுங்கள். உடனே (10⁶ − 1)(10⁶ + 1) எனப் பிரியும். முதலாவது 999 × 1001, அதாவது 3³ × 37 × 7 × 11 × 13. இரண்டாவது 100³ + 1³. a³ + b³ = (a + b)(a² − ab + b²) என்பதால் அது 101 × 9901.

பலர் சறுக்குவது 9901-இல்தான். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 99.5 என்பதால் 97 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். இன்னும் அழகான குறுக்குவழி உண்டு: 9901 = 10⁴ − 10² + 1. இந்த வடிவத்தால், அதை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 12-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். எனவே 13, 37, 61, 73, 97 மட்டுமே மிச்சம். 9901-ஐ இவற்றால் வகுத்தால் மீதி 8, 22, 19, 46, 7. ஆகவே அது பகா எண்ணே.

முழு விடை: 3³ × 7 × 11 × 13 × 37 × 101 × 9901. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால், மொத்த வகுத்திகள் 4 × 2⁶ = 256.