பட்டறைப் பதில்கள்: தராசும் வரைபடமும்

கேள்வி: ஐயா, என் மகனுக்கு வயது 15. தெர்மாகோல் அட்டையும் சிறு மோட்டாரும் வைத்து விமானம் ஒன்று செய்திருக்கிறான். “கடையில் வாங்கிய ட்ரோன் இல்லையே, நானே செய்ததுதானே” என்கிறான். போலீஸ் வந்துவிடுமோ என்று என் கணவர் பயப்படுகிறார்.
– ஒரு தாய், ஈசூன்

பதில்: சமையலறைத் தராசை எடுங்கள், அம்மா. பேட்டரியோடு விமானத்தை அதில் வையுங்கள். 250 கிராமுக்கு மேல் இருந்தால் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். வாங்கியதா, கையால் செய்ததா என்று சட்டம் கேட்காது. 16 வயது நிரம்பாததால் மகன் தன் பெயரில் பதிய முடியாது. பதியாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தராசு 240 காட்டினாலும் மாடியிலிருந்து குதித்தோடி வர வேண்டாம். உங்கள் ஈசூனுக்குப் பக்கத்திலேயே செம்பவாங் விமானத்தளம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தோ விமானத்தளத்திலிருந்தோ ஐந்து கிலோமீட்டருக்குள், எடை எவ்வளவாக இருந்தாலும், திறந்தவெளியில் பறக்கவிட அனுமதி வேண்டும். வரைபடத்தில் சாங்கி, பாய லேபார், தெங்கா, செம்பவாங், சிலேத்தார் ஐந்துக்கும் வட்டம் போட்டுப் பாருங்கள். ஒரே கல்லில் ஐந்து தோசை ஊற்றியது போல இருக்கும். மிச்ச இடத்திலும் 200 அடிக்கு மேல் போனால் அனுமதி தேவை.

இந்த விதிகளைப் பார்த்து நானும் முணுமுணுத்தவன்தான். 2019 ஜூனில் சாங்கி அருகே ட்ரோன்கள் தென்பட்டு, ஓர் ஓடுபாதையை அவ்வப்போது மூடி, ஒரே இரவில் 37 விமானங்கள் தாமதமானதாகப் படித்த பிறகு சற்று அடங்கினேன்.

மகனைத் திட்டாதீர்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு தள்ளி, இரண்டு விரல் நுனியால் விமானத்தைத் தாங்கிக் காட்டச் சொல்லுங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் கெட்டிக்காரன். வால் தொங்கினால், எறிந்ததும் மூக்கைத் தூக்கி ஒரு கணம் நின்று பொத்தென்று விழும். பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே நகர்த்தச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறு ராக்கெட் செய்ய வெடியுப்பு வேண்டும். உரக்கடையில் கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தம்பி, கேட்டதோடு நில்லுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் என்னும் வெடியுப்பு இங்கே வெடிபொருள் மூலப்பொருள் பட்டியலில் இருக்கிறது. உரிமம் தருவது காவல்துறை. விளையாட்டுக்குத்தான் என்ற சமாதானம் எடுபடாது. பட்டாசையே 1972-இல் முற்றாகத் தடை செய்த ஊர் இது.

அமெரிக்காவில் ராக்கெட் பொழுதுபோக்குச் சங்கங்கள் இரண்டு, தங்கள் எரிபொருளை அரசு வெடிபொருள் பட்டியலில் வைத்ததை எதிர்த்து 2000-இல் வழக்குத் தொடுத்து 2009-இல் வென்றன. அவர்களுக்குப் பாலைவனமும் இருந்தது, வக்கீலும் இருந்தார். நமக்கு இருப்பது அடுக்குமாடி புளோக்கின் வெற்றுத்தளமும் நாலாம் மாடிப் பாட்டியும். பாட்டில், தண்ணீர், சைக்கிள் பம்பு: இவற்றை வைத்து, ஆசிரியர் உடனிருக்கப் பள்ளித் திடலில் தண்ணீர் ராக்கெட் விடுங்கள். உந்துவிசைப் பாடம் அதேதான். நனைவதுதான் கூடுதல்.

கேள்வி: வீட்டிலுள்ள பாதுகாப்பறையைப் பட்டறையாக்கலாமா?
– வாசகர், செங்காங்

பதில்: என் பட்டறையே அதில்தான். கப்பல் பட்டறையில் 31 ஆண்டு லேத் ஓட்டியவனுக்குக் கடைசியில் கிடைத்த இடம், குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டிய அறை! சுவரை உடைக்காதீர்கள், இரும்புக் கதவைக் கழற்றாதீர்கள். சட்டம் விடாது. உலோகத்தைப் பற்றவைக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள், புகை வெளியே போகட்டும். லித்தியம் பேட்டரியை அங்கே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மேல்தட்டு மட்டும் என் வசம் இல்லை. அது என் மனைவியின் ஊறுகாய் ஜாடிகளுக்கு.