கத்திரி வெயிலும் வீட்டுப் பெரியவர்களும்: கேள்வி பதில்

கத்திரி தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி, வீட்டிலிருக்கும் அப்பா அம்மாவைப் பற்றியவை. பொது மருத்துவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் உங்கள் டாக்டரின் வேலை.

வேலூரிலிருந்து: சிஸ்டர், அப்பாவுக்கு 78 வயது. வெளியே போவதே இல்லை. வீட்டுக்குள் இருப்பவரை வெயில் என்ன செய்துவிடும்?

அவரைத்தான் அதிகம் செய்யும். வயலில் வேலை செய்கிறவருக்கு உச்சிவெயிலில் சட்டென்று வருவது ஒரு வகை வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). வீட்டில் சும்மா படுத்திருக்கும் பெரியவருக்கு, இரண்டு மூன்று நாள் விடாத வெக்கையில் மெல்ல மெல்ல வருவது இன்னொரு வகை. 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் அடித்த வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். வீட்டிலும் முதியோர் இல்லத்திலும் இருந்தவர்கள் அதில் நிறையப் பேர்.

உங்கள் ஊர்க் காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரிதான் இறக்கும். ராத்திரியும் உடம்பு ஆறவில்லை என்றால் இதயத்துக்கு ஓய்வே கிடையாது. அப்பா மாடி அறையில் படுப்பவர் என்றால் இந்த மாதம் மட்டும் கீழே மாற்றிவிடுங்கள். பகலில் ஜன்னலைச் சாத்தித் திரை போடுங்கள். வெளிக்காற்று உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு திறந்துவிடுங்கள்.

கரூரிலிருந்து: அம்மா தாகமே இல்லை என்கிறார். தண்ணீரை நீட்டினால் கோபம் வருகிறது.

அம்மா பொய் சொல்லவில்லை. வயதாக ஆகத் தாக உணர்ச்சி மங்கிவிடும். வியர்ப்பதும் குறையும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறையும். அதனால் 'தாகமா இருக்கா?' என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதில் பயனில்லை.

ஆனால் கோபத்துக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். வார்டில் ஒரு பாட்டி, கொடுக்கிற தண்ணீரையெல்லாம் யாரும் பார்க்காதபோது கட்டிலுக்கடியில் இருந்த எச்சில் கிண்ணத்தில் ஊற்றிவிடுவார். கேட்டதற்கு, "அடிக்கடி பெட்பேன் கேக்க வெக்கமா இருக்கும்மா" என்றார். முட்டிவலியோடு இருட்டில் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்: கட்டிலோரம் ஒரு கமோட் நாற்காலி, வழியில் ஒரு சின்ன விளக்கு. அப்புறம் தண்ணீரைப் பகலுக்குத் தள்ளுங்கள். எழுந்ததும் ஒரு டம்ளர், சாயங்காலம் வரை மணிக்கு அரை டம்ளர், படுக்கும் முன் கொஞ்சம் போதும். நீர்மோர், ரசம், நீராகாரம், வெள்ளரி, தர்பூசணி எல்லாமே கணக்கில் சேரும். ரத்தக்கொதிப்பு இருந்தால் மோரில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: மாமனாருக்கு இதயம் பலவீனம். ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வெயிலிலுமா?

அந்த அளவை நீங்களாக மீறாதீர்கள், ஆனால் இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பார்த்து எழுதிவையுங்கள். எடை மளமளவென்று இறங்கி, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் நீர் பிரியும் மாத்திரை அதிகமாகியிருக்கலாம். எடை ஏறிக் கால் வீங்கினால் விஷயம் நேர்மாறு. இரண்டுக்கும் டாக்டருக்கு ஃபோன் போடவேண்டும்.

இதை எல்லோருக்குமாகவே சொல்கிறேன். வெயில் காலத்தில் பலருக்கு ரத்த அழுத்தம் தானாகவே இறங்கும். மார்கழியில் சரியாக இருந்த அதே மாத்திரை சித்திரையில் ஆளைக் கீழே தள்ளிவிடும். ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரைகள், சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின், மனநோய்க்குத் தரும் லித்தியம், வியர்வையை அடக்கும் சில பழைய அரிப்பு மாத்திரைகள் இவற்றையெல்லாம் சாப்பிடுகிறவர்கள், வெயில் ஏறும் முன்பே மாத்திரைப் பையை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து: எங்கள் தோப்பு இளநீர்தான், அக்கா. அப்பாவுக்குத் தினமும் இரண்டு கொடுக்கலாமா? ஓஆர்எஸ்?

இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஸ்பைரனோலாக்டோன், டெல்மிசார்ட்டன் போன்ற ரத்தக்கொதிப்பு, இதய மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் குடிக்கக் கூடாது, சொந்தத் தோப்பாக இருந்தாலும்! ஓஆர்எஸ் என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் வயிற்றுப்போக்குக்கும் நன்றாக வியர்த்துத் துவண்டவருக்கும் உரியது. தினசரி பானமல்ல. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து: வெப்பவாதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

பேச்சையும் நடத்தையையும் கவனியுங்கள். பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார், வேட்டி கட்டத் தடுமாறுகிறார், சாப்பிடும்போதே தூங்கி வழிகிறார் என்றால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். தொட்டால் கொதிக்கிறது, புத்தியும் தடுமாறுகிறது என்றால் வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். தோல் பெரும்பாலும் காய்ந்திருக்கும், ஆனால் வியர்க்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். தோலைக் கிள்ளிப் பார்க்கும் வழக்கம் குழந்தைகளுக்குச் சரி. முதியவர்களுக்குத் தோலே தளர்ந்திருப்பதால் அது ஏமாற்றும்.

உடனே 108. அதுவரை நிழலில் படுக்கவைத்துத் துணிகளைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் கொடுத்தும் பயனில்லை. இது காய்ச்சல் அல்ல.

சென்னையிலிருந்து: இங்கே 37 டிகிரிதான். ஆனால் வேலூரைவிட மோசமாகத் தெரிகிறதே?

காற்றில் ஈரம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், இங்கே அது வழிந்துகொண்டே இருக்கும். கடல்காற்று தாமதமாகும் நாட்களில் இன்னும் கஷ்டம். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து ஃபேனடியில் உட்காரவையுங்கள். அறைக்குள்ளேயே 40 டிகிரியைத் தாண்டினால் வெறும் ஃபேன் சூட்டைத்தான் வீசும். ஏசி இருந்தால் 26, 27இல் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து அதை அணைத்துவைக்கும் பெரியவர்களிடம் பில்லைக் காட்டாதீர்கள்.

தஞ்சையிலிருந்து: அடிக்கடி மின்சாரம் போகிறது. அம்மாவின் இன்சுலினை எங்கே வைப்பது?

திறந்து பயன்படுத்தும் இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வெளியே வைக்கலாம். மே மாதத்தில் நம் வீடுகள் அதைத் தாண்டிவிடும். பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னப் பானையை இறக்கி, பிளாஸ்டிக் உறையில் கட்டிய மருந்தை அதில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். கெட்டுவிடுமோ என்று ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலினை உருக்கிப் போட முடியாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.