மந்தை சேர்க்கும் நாளில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெரிய மாட்டுப் பண்ணைகளில் சிறுவர்களும் பெரியவர்களுடன் குதிரையேறி மந்தை சேர்க்க, அதாவது மேய்ச்சல் வெளியில் சிதறிக் கிடக்கும் மாடுகளைத் திரட்டிப் பட்டிக்கு ஓட்டிவர, போகிறார்களாமே, அவர்களுடைய படிப்பு என்ன ஆகும்?

பதில்: படிப்பு வீட்டிலேயே நடக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-ல் தொடங்கிய ‘வான்வழிப் பள்ளி’ நெடுங்காலம் வானொலியிலும் இப்போது இணையத்திலும் பாடம் நடத்துகிறது. பல பண்ணைகளில் தாயோ, வீட்டோடு தங்கியிருக்கும் ஆசிரியையோ உடனிருந்து சொல்லிக்கொடுப்பதால், மந்தை சேர்க்கும் நாளில் விட்டுப்போன பாடத்தைப் பிறகு முடித்துக்கொள்ள முடிகிறது.

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு வடக்குக் குயின்ஸ்லாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் இருக்கிறாள். வரும் ஜூன் மாதம் மந்தை சேர்க்கும்போது எட்டு வயதுப் பேத்தியைத் தனிக் குதிரையிலும், நான்கு வயதுப் பேரனைத் தந்தையின் சேணத்தில் முன்னால் உட்காரவைத்தும் அழைத்துப் போகிறார்களாம். அப்போது நானும் அங்கே இருப்பேன். ஹெலிகாப்டர் வந்துவிட்ட காலத்தில் குழந்தைகளைக் குதிரையில் அழைத்துப் போகத்தான் வேண்டுமா? நான் தடுக்கலாமா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

முதலில் ஹெலிகாப்டரைப் பற்றி. வட ஆஸ்திரேலியாவில் 1970-களிலிருந்து அது பரவலாகப் பயன்படுகிறது. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் மாடுகளை வெளியே கொண்டுவர அதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் வந்து சேர்ந்த மந்தையை மிரளவிடாமல், கன்றுகள் தாயைப் பிரியாமல், நடை வேகத்திலேயே பட்டிவரை கொண்டுபோக அமைதியான குதிரைக்கு இணையில்லை. குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர விரும்புவது இந்த வேலையைத்தான், அது கற்கத் தக்கதும்கூட. மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்புறத்தைத் தவிரப் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் அதற்குத் தெரியும். ஆள் ஓர் எல்லைக்குள் வந்ததும் அது விலகி நடக்கத் தொடங்கும். அவர் அதன் தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், தோளைக் கடந்து முன்னால் வந்தால் நின்றுவிடும் அல்லது திரும்பும். இதைச் சாதுவான மாடுகளிடம் பெரியவர் துணையோடு நடந்தே பழகிய குழந்தை, குதிரைமேல் இருக்கும்போதும் எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்திருக்கும்.

நான்கு வயதுப் பேரனைச் சேணத்தில் முன்னால் உட்காரவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குதிரை எதற்காவது மிரண்டு ஒதுங்கினால் தந்தையும் மகனும் சேர்ந்தே விழுவார்கள், தந்தையின் முழு எடையும் பிள்ளையின் மேல் விழக்கூடும். விழாவிட்டாலும், ஒரு கையால் கடிவாளத்தையும் மறு கையால் பிள்ளையையும் பிடித்திருப்பவரால் மந்தையை விட்டு ஓடும் மாட்டை மறிக்க முடியாது. சேணத்தோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதை உறுதியாக மறுத்துவிடுங்கள். விழும் குதிரையிலிருந்து பிள்ளை விலகவே முடியாமல் போய்விடும்.

பேத்தி போகலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அன்று அவளைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு பெரியவர் குதிரையில் அவளுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். ‘நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்ற பதிலை ஏற்காதீர்கள், ஏனென்றால் ஒரு காளை திமிறி ஓடும் நொடியில் எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். குதிரையும் கூட்டமாக வாழும் விலங்குதான். மற்றக் குதிரைகள் பாய்ந்து ஓடினால் அவளுடைய வயதான சாதுக் குதிரையும் பின்தொடர முயலும். உடன் வருபவர் எந்த மாட்டையும் துரத்தாமல் அவளோடு அங்கேயே நின்றால் அவளுடைய குதிரையும் பெரும்பாலும் நிற்கும். என் பார்வையில் குழந்தையின் வயதைவிட இந்த ஏற்பாடுதான் முக்கியம்.

அவளுக்கு உரிய இடம் மந்தையின் கடைசியில், ஆனால் மாடுகளின் குதிகாலை ஒட்டி அல்ல, நன்றாகத் தள்ளி. இளங்கன்றோடு இருக்கும் தாய்ப்பசுவிடம் அவள் நெருங்கவே கூடாது; மந்தை ஓட்டும் நாயைக் கண்டால், கன்றோடு இருக்கும் பசு எவ்வளவு சாதுவானாலும் முட்ட வரக்கூடும். இன்னும் ஓர் ஆண்டு பொறுக்க முடிந்தால், பால்குடி மறக்கப் பிரித்த கன்றுகளைச் சில நாட்கள் கழித்து மேய்ச்சலுக்கு ஓட்டிப் பழக்கும் வேலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மெதுவாக, பட்டிக்கு அருகிலேயே நடக்கும் அந்த வேலையைவிடக் குழந்தைக்கு ஏற்ற பள்ளி இல்லை.

குதிரையேற்றத்துக்கென்றே செய்த தலைக்கவசம் அளவாகப் பொருந்த வேண்டும், மிதிவண்டிக்கானது போதாது. சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கால் நுழைந்து சிக்காதபடி குதி வைத்த காலணி வேண்டும். தண்ணீரும் கை வானொலியும் உடன் வருபவரிடம் இருக்கட்டும். ராயல் பறக்கும் மருத்துவர் சேவை 1928 முதல் அந்த வெளிகளில் இயங்கிவருகிறது என்றாலும், விமானம் வந்து சேரும்வரை முதலுதவி பண்ணையில் இருப்பவர்கள் கையில்தான்.

மந்தை பட்டியை அடைந்ததும் பேத்தி இறங்கிவிட வேண்டும். திறந்த வெளியில் விலகி ஓட இடமுண்டு. பட்டிக்குள் மாடு நெருக்கினால் கம்பிக்கும் அதன் உடலுக்கும் நடுவே சிக்க நேரும். மாட்டின் காதில் அடையாளத் தோடு குத்துவதையும் சூடுபோடுவதையும் அவள் வெளியில் இருந்தே பார்க்கட்டும்.

பேரனுக்கும் அந்த நாளில் பங்குண்டு. மதியம் மந்தையை நிழலில் நிறுத்தி எல்லோரும் சாப்பிடும் இடத்துக்கு உணவு கொண்டுபோகும் வண்டியில் அவன் உங்களோடு வரலாம். உங்கள் மருமகனின் கைகள் கடிவாளத்துக்கு வேண்டும். அன்று பேரனைப் பிடித்துக்கொள்ள உங்கள் கைகள் இருக்கின்றன என்று இப்போதே எழுதிவிடுங்கள்.